பேராசிரியர் இரண்டு முறை வாங்கிய வெற்றிலை

எனக்கு வேதியியல் பிடிக்காமல் போனதற்கு வேதியியல் எந்த விதத்திலும் பொறுப்பல்ல. அது அதன் பாட்டுக்கு நிறம் மாறிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் குடுவையைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்பவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்முறை வகுப்பில் அடுத்த மேசையைப் பார்த்து எழுதுகிறவன் யார், விடையை முதலில் எழுதிவிட்டு அதற்குத் தோதாகச் சோதனையை நடத்துகிறவன் யார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. என் கையில் இருப்பது என்ன உப்பு என்பது மட்டும் தெரியாது.

எழுபதுகளின் கடைசி. மதுரையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. முதலாண்டை ஒருவழியாக முடித்திருந்தேன். சோழவந்தானுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொடிக்கால். வெற்றிலைதான் சோறு போட்டது. குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு மதுரை பஸ் ஏறிய முதல் ஆள் என்பதால், நான் எதைப் படித்தாலும் வீட்டில் மரியாதை இருந்தது. என்ன படிக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை என்பதும் அந்த மரியாதையில் சேர்த்தி.

நான் முகம் பார்க்கத் தொடங்கியது கல்லூரியில் அல்ல, கருப்பசாமி கோயில் வாசலில். அப்போது நான் பள்ளி இறுதி வகுப்பு. ஊர்ப் பொதுக் கிணற்று மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியை யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள். கிணற்றைச் சுற்றி நிலம் வைத்திருந்த ஆண்கள் எல்லாரும் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஊர் முடிவெடுத்தது. எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னால் மிச்சத்தைக் கருப்பன் பார்த்துக்கொள்வான். வரிசையாக எல்லாரும் அணைத்தார்கள். என் சித்தப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, நான் அணைக்க மாட்டேன் என்றார். ஊர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. கம்பிக்கு விடை கிடைத்துவிட்டது.

சில மாதங்கள் கழித்து, அந்தக் கம்பி வேறொருவர் வீட்டு வைக்கோல் போரிலிருந்து வெளியே வந்தது. முதல் ஆளாகச் சூடம் அணைத்தவர் அவர். தயங்கியவர்களுக்குத் தைரியம் சொன்னவரும் அவர்தான். ஊர் அவருக்கு அபராதம் போட்டது. சித்தப்பாவிடம் வந்து யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மாறாக, அவர் மேல்தான் கோபப்பட்டார்கள். அப்ப நீ ஏண்டா அணைக்கல, உன்னாலதானே எங்களுக்கு இம்புட்டுக் குழப்பம் என்றார்கள். அதற்குள் அவருக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் முறிந்து, அந்தப் பெண்ணுக்கு நிலக்கோட்டைப் பக்கம் கல்யாணமும் ஆகிவிட்டது.

அன்று முதலில் சூடம் அணைத்தவரின் முகம் என் கண்ணிலேயே நின்றது. குளித்துவிட்டு வந்தவர் முகம் மாதிரி அவ்வளவு தெளிவாக இருந்தது. எடுக்காத சித்தப்பாவின் முகமோ எடுத்தவன் முகம் மாதிரி இருந்தது. இதைப் படிப்பதற்கென்று உலகத்தில் ஒரு படிப்பு இருக்க வேண்டும் என்று நினைத்தேன். முதலாண்டில் வேதியியல் புத்தகம் தேடி நூலகத்துக்குப் போனபோது அது அகப்பட்டது. தப்பான அலமாரியில் தடியான ஓர் ஆங்கிலப் புத்தகம். சாட்சி சொல்கிறவர்கள் ஏன் தப்பாகச் சொல்கிறார்கள், குற்றம் செய்யாதவர்கள் ஏன் ஒப்புக்கொள்கிறார்கள் என்று அதில் ஒரு முழு அத்தியாயம். அகராதியும் கையுமாக வாசித்தேன். பாதி புரிந்தது. மீதியை நானே இட்டு நிரப்பிக்கொண்டேன்; பிற்காலத்தில் பார்த்தபோது நான் நிரப்பிய பகுதி இன்னும் சுவாரசியமாக இருந்தது.

தடயவியல் உளவியல் என்று இன்று இதற்கு ஜம்மென்று ஒரு பெயர் இருக்கிறது. அன்று தமிழில் பெயர் இல்லை. மதுரையில் அப்படி ஒரு பட்டமும் இல்லை. ஆகவே நானே ஒரு திட்டம் போட்டேன். தேதி கிழித்த காலண்டர் தாளின் முதுகில், வேதியியலை விட்டுவிட்டு உளவியல் இருக்கும் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்வது, பிறகு எம்.ஏ., பிறகு சென்னையில் குற்றவியல், பிறகு சிறைச்சாலை என்று வரிசையாக எழுதினேன். விடுதி அறைத் தோழன் அதை வாங்கிப் படித்தான்.

“மாப்ள, கடைசியில செயிலுக்குப் போறதுக்கு எதுக்கு இம்புட்டுப் படிப்பு?” என்றான்.

அவனுக்கு விளக்கினேன். திருடனைப் பிடிக்க வேண்டுமென்றால் போலீசில் சேர், பைத்தியம் தெளிய வைக்க வேண்டுமென்றால் டாக்டருக்குப் படி, இது இரண்டுங்கெட்டானாக இருக்கிறதே என்றான். இரண்டுங்கெட்டானாக இருப்பதுதான் இதன் சிறப்பு என்றேன். அந்த வயதில் நான் பேசிய பேச்சுகளில் இன்றைக்கும் திருத்த வேண்டாத ஒரே வாக்கியம் அதுதான்.

அப்பாவிடம் சொல்லத்தான் பயம். அவர் கொடிக்காலில் அகத்தி மரத்தோடு கொடியை நாணல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு பிரசங்கமே தயாரித்து வைத்திருந்தேன். அதில் கால்வாசிகூடத் தேவைப்படவில்லை.

“உன் சித்தப்பன் மாதிரி ஒருத்தன் பொய் சொல்லலைன்னு கண்டுபிடிக்கிற படிப்பா?” என்றார்.

“கிட்டத்தட்ட.”

“அப்பப் படி.”

ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். ஒரு வருஷம்கூட வீணாகக் கூடாது. மறுபடி முதலாம் ஆண்டில் உட்காரச் சொன்னால் வேதியியலிலேயே கிட. நாலாவது வருஷத்தை இந்தக் கொடிக்கால் தாங்காது. அவர் அப்படிச் சொன்னால் அப்படித்தான். தங்கச்சிகள் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.

ஆக எல்லாம் இரண்டாம் ஆண்டில் இடம் கிடைப்பதில் தொங்கியது. திருப்பரங்குன்றம் போகிற வழியில் இருந்த ஒரு கல்லூரியில் உளவியல் துறை இருந்தது. அதன் துறைத் தலைவரான பேராசிரியர் மதுரை டவுனுக்குள்ளேயே வளர்ந்தவர், முஸ்லிம், மெலிந்த தேகம், வெற்றிலையில் சிவந்த வாய். மே மாத வெயிலில் அப்பாவும் நானும் போய் அவர் முன்னால் நின்றோம். அவர் பொறுமையாகக் கேட்டார். தமிழும் ஆங்கிலமும் எந்தப் பட்டத்துக்கும் பொது, அது கணக்கில் வந்துவிடும். வேதியியல் தாள்கள் வராது. உளவியல் முதலாண்டுத் தாள்கள் பாக்கி நிற்கும். இதற்கு நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிற பல்கலைக்கழகம் அனுமதி தர வேண்டும். அதற்கு முதலில் அவர் சிபாரிசு செய்ய வேண்டும் என்றெல்லாம் விளக்கிவிட்டு, “பார்க்கலாம்” என்றார்.

அப்போது அப்பா மஞ்சள் பையைத் திறந்தார். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்கு ஒரு காரியமாகப் போகும்போது வெறுங்கையோடு போவதில்லை. போகிறவர் வெற்றிலையை நீட்டுவார். காரியத்தில் சம்மதம் இருந்தால் வீட்டுக்காரர் வாங்கிக்கொள்வார். சம்மதம் இல்லையென்றால், வைங்க அப்புறம் பார்ப்போம் என்று கையை மடியிலேயே வைத்துக்கொள்வார். பெண் கேட்பது, நிலம் பேசுவது, பங்காளிச் சண்டையைத் தீர்ப்பது எல்லாம் இப்படித்தான். வாங்கிய பிறகு பேச்சு மாறக்கூடாது.

அப்பா வாழைமட்டை நாரில் கட்டிய வெற்றிலைக் கவுளியை இரண்டு கையாலும் நீட்டினார். விடியற்காலையில் கிள்ளியது, ஈரத்துணிக்குள் இருந்து பச்சை மணத்தோடு வந்தது. பேராசிரியரின் முகம் மலர்ந்தது. வாங்கினார். வாங்கியதோடு விடவில்லை. இரண்டு இலையை உருவி வேட்டியில் துடைத்து, காம்பைக் கிள்ளி, தன் மேசை இழுப்பறையிலிருந்த சுண்ணாம்பைத் தடவி, வாயில் போட்டுக்கொண்டு, “ஆகா, சோழவந்தான்ல” என்றார்.

அப்பா எழுந்தார். கும்பிட்டார். “அப்ப வாரோம் சார். ரொம்பச் சந்தோசம்” என்றார். பேராசிரியர் வாய் நிறைய வெற்றிலையோடு தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலையும் அப்பா சேர்த்துக்கொண்டார்.

மனித மனத்தை ஆராயப் போகிற நானும் நம்பினேன் என்பதுதான் இதில் அழகு. வெளியே வந்ததும் அப்பா என் முதுகில் தட்டினார். என் வாழ்நாளில் அவர் என் முதுகில் தட்டியது அபூர்வம். அந்த மகிழ்ச்சியில் நான் எதையும் ஆராயவில்லை. அன்று பிற்பகலே பழைய கல்லூரிக்குப் போய் டி.சி. வாங்கினோம். வேதியியல் பேராசிரியர் வருத்தப்படவே இல்லை. கொஞ்சம் அவசரமாகவே கையெழுத்துப் போட்டார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அப்பா யாரிடமும் எதுவும் நேராகச் சொல்லவில்லை. பஸ் சார்ஜ் ஏறிப்போனதைப் பற்றிப் பேசத் தொடங்கி, எப்படியோ என் படிப்புக்கு வந்து சேர்ந்தார். சமயநல்லூர் தாண்டுவதற்குள் பஸ்ஸில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் டீக்கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. பொய் சொன்னா முகத்தப் பாத்தே சொல்லிருவானாம்ல என்று ஒருவர் முணுமுணுத்தார். கடைக்காரர் என் முன்னால் கிளாசை வைத்துவிட்டு, “தண்ணிப் பால் இல்ல தம்பி, கறந்த பால்” என்றார். நான் கேட்கவே இல்லை. கல்லூரியில் சேர்வதற்கு முன்பே கிடைத்த முதல் வாக்குமூலம் அது.

ஜூனில் கல்லூரி திறந்தது. டி.சி.யை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். பேராசிரியர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார். டி.சி.யைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

“டி.சி. எதுக்கு வாங்கினே? யாரு உனக்கு சீட் குடுத்தது?”

“நீங்கதான் சார்.”

“நானா? எப்பக் குடுத்தேன்?”

சொன்னேன். வேறு வழியில்லை. அவர் வெற்றிலையை வாங்கியது, துடைத்தது, தலையாட்டியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல, இவை எதிலும் சீட் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அவர் கதவு மூடியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். வெத்திலையை வாங்கிக்கொண்டு சீட் கொடுத்தார் என்று வெளியே தெரிந்தால் என் மானம் என்னாகும் என்றார். திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார் போலிருக்கிறது. அது அந்த வாரத்திலேயே மென்று துப்பியாகிவிட்டது. வேறு பாடத்திலிருந்து ஒருவனை நேராக இரண்டாம் ஆண்டில் அந்தத் துறை எடுத்ததே இல்லை என்றும் சொன்னார். பழைய கல்லூரியில் என் இடத்துக்கு வேறு ஒருவன் வந்துவிட்டான் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் நான் எந்தக் கல்லூரி மாணவனும் இல்லை.

கடைசியில் அவர், “திங்கக்கெழம வா. இன்னொரு ஆசிரியரும் இருப்பாங்க. உன்னால ரெண்டாம் வருசத்துல ஓட முடியுமான்னு பேசிப் பார்ப்போம். எனக்கு நம்பிக்கை வந்தா எழுதுவேன். வரலைன்னா அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார்.

வீட்டில் நானே சொன்னேன். அப்பா அசையவில்லை. மறுபடியும் மறுபடியும், வாங்கிட்டாருல்ல, வாங்கினவரு எப்படி மாறுவாரு என்றுதான் சொன்னார். பெரிய மனுசன், ஏதோ நெருக்கடி, நாளைக்குச் சரியாப் போயிரும் என்று அவருக்காகப் பரிந்தும் பேசினார். எனக்குப் பொறுக்கவில்லை.

“சித்தப்பாவுக்கும்தான் வெத்திலை மாத்தினோம். என்னாச்சு?”

கேட்ட பிறகுதான் சித்தப்பா கொல்லைக் கதவுப் பக்கம் நிற்பதைப் பார்த்தேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, “அது அவுக மீறினது. வெத்திலை மேல என்ன தப்பு?” என்றார். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

சித்தப்பா உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். ஒரு வருஷமாக அந்த ஆங்கிலப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தவன், அந்த வீட்டிலேயே இருந்த மனிதரிடம் அதுவரை கேட்காத கேள்வியை அப்போதுதான் கேட்டேன். அன்னைக்கு ஏன் சூடத்த அணைக்கல?

அவர் அதிசயமாக என்னைப் பார்த்தார். “சின்ன வயசுல நானும் உங்கப்பனும் ஒரு மாங்காய்க்குச் சண்டை போட்டு, எடுக்கலைன்னு பொய்யா சூடம் அணைச்சுட்டேன். அந்த வாரமே உங்க தாத்தாவப் பாம்பு கடிச்சிருச்சு. இனிமே நெசத்துக்கும் அணைக்கிறதில்லன்னு வச்சிருந்தேன்” என்றார். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “ஊர்ல ஒருத்தனாவது ஏன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஏன் அணைக்கலைன்னு சத்தம்தான் போட்டானுக. கேக்கல” என்றார்.

திங்கட்கிழமை பேராசிரியருக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மையார் இருந்தார். அவர்தான் இரண்டாம் ஆண்டுக்குப் பாடம் எடுப்பவர். நினைவாற்றல் வகைகள், புலனுணர்வு விதிகள் என்று கேட்டார். நூலகப் புத்தகத்திலிருந்து தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். தெரியாது என்பது எண்ணிக்கையில் முந்திக்கொண்டிருந்தது. அம்மையார் பேனாவை மூடினார். பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்லபடியாக மறுப்பதற்கு வார்த்தை தேடினார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். சோதனைக்கூடத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

“சார், ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்” என்றேன். சித்தப்பா கதையைச் சொன்னேன். கம்பி, சூடம், வைக்கோல் போர், பாம்பு வரை. ஊர்க்காரர்கள் பொய் சொல்லவில்லை. அவர் அணைக்காததைக் கண்ணால் பார்த்தார்கள். பார்த்தது நிஜம், அதற்குச் சொன்ன அர்த்தம்தான் தப்பு. எங்கப்பாவும் அப்படித்தான், நீங்கள் வாங்கியதைக் கண்ணால் பார்த்தார். நாளைக்குக் கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும் சார் சம்மதித்தார் என்று சத்தியம் செய்வார், அதில் ஒரு பொட்டுப் பொய் இருக்காது. இப்படிப்பட்டவர்களை யார் எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்பு வேண்டும் என்றேன். மூச்சு வாங்கியது.

அம்மையார் பேராசிரியரைப் பார்த்தார். “என்ன சார், வெத்திலை வாங்கினீங்களா?” என்றார். அவருக்கு இந்தக் கதை அதுவரை தெரியாது.

பேராசிரியர் அவசரமாக, “நல்ல வெத்திலைம்மா. சோழவந்தான் வெத்திலை” என்றார். அம்மையார் சிரித்து, பேனாவைத் திரும்பத் திறந்தார். முதலாண்டுத் தாள்களையும் சேர்த்து எழுதுவாயா, ஒன்று போனாலும் நான் காரணம் கேட்க மாட்டேன், நீயே கிளம்பிவிட வேண்டும் என்றார். எழுதுவேன் என்றேன். எப்படி எழுதப் போகிறேன் என்று எனக்கு அப்போது தெரியாது. எழுதினேன். எல்லாவற்றையும் எழுதித் தேறினேன். நடுவயதில் ஒரு மனிதன் பீற்றிக்கொள்வதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை, ஆகவே இதை இங்கே கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொள்கிறேன். காலண்டர் தாளில் போட்ட திட்டத்தில் சென்னை வரைக்கும் போனேன். சிறைச்சாலைக்கும் போனேன், உள்ளே இருப்பவர்களோடு பேசுகிற வேலைக்கு. எதிரே வந்து உட்காருகிற யாரிடமும் நான் முதலில் கேட்பது சித்தப்பாவிடம் கேட்ட அதே ‘ஏன்’தான். என் அறைத் தோழன் இன்றைக்கும், செயிலுக்குப் போனவன் என்றுதான் என்னை அறிமுகம் செய்கிறான்.

பல்கலைக்கழக அனுமதி ஜூலை முடிவதற்குள் வந்துவிட்டது. பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, எந்த வகுப்பறை, எந்த மணிக்கு என்றெல்லாம் சொன்ன பிறகு, “உங்க அப்பாவ ஒருநாள் வரச் சொல்லு. வெத்திலையோட வரச் சொல்லு” என்றார். இழுப்பறையை மூடிக்கொண்டே, “எங்க வீட்டு நிச்சயத்துலயும் வெத்திலை மாத்துறது உண்டுப்பா. எங்க அத்தாவும் உங்கப்பா மாதிரிதான், சபையில வாங்கினா எந்திரிச்சு நின்னுதான் வாங்குவாரு. எனக்கு அன்னைக்கு மண்டையில ஏறல” என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். அவருக்குச் சுருக்கென்று ஆனது.

“ஒருவாட்டிதான் வாங்கிட்டாரே. மறுபடி எதுக்கு?”

ஆனாலும் வந்தார். அந்தக் கவுளியைக் கிள்ளிக் கட்டியது சித்தப்பா. தானும் வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றார், அதனால் அவரையும் ஏற்றிக்கொண்டோம். பேராசிரியர் அறையில் இவர்தான் என் சித்தப்பா என்று நான் சொன்ன பிறகு, அப்பா வெற்றிலையை நீட்டினார். பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து, தோள் துண்டை இடுப்பில் சுற்றி, இரண்டு கையையும் சேர்த்து வாங்கினார். அப்போது அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா எதற்கென்று தெரியாமல் பதிலுக்குக் கும்பிட்டார். அவர் கதையைச் சொல்லித்தான் எனக்குச் சீட் கிடைத்தது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பஸ்ஸில் நான் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சோழவந்தான் வரும்வரை திரும்பவில்லை, ஆனால் முதுகு நேராக இருந்தது.

அப்பாவுக்கு மட்டும் சமாதானமாகவில்லை. வைகைப் பாலம் தாண்டும்போது என் காதருகே குனிந்தார்.

“நல்ல மனுசன்தான். ஆனா படிச்சவுக பாரு, ஞாபக மறதி சாஸ்தி. மொதவாட்டி வாங்கினதே அவருக்கு மறந்துபோச்சு. வகுப்புல நீதான் பாத்து நடந்துக்கிறணும்.”